கம்பெனி அளவும் என் அளவும்

என் லேத்திலிருந்து போன சாமான் ஒன்றுகூடக் கோளாறு என்று திரும்பி வந்ததில்லை. இருபத்தைந்து வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெரிய ஆலைகளின் சூப்பர்வைசர்கள் டிராயிங் பேப்பரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, நாலாம் வகுப்போடு நின்றுபோன என்னைத் தேடி ஷெட் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் மெஷினில் ஒரு ஷாஃப்ட் உடைந்தால் புதுசு வர ஒரு மாதம் ஆகும். நான் மறுநாள் காலையில் கொடுப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பழைய மோட்டார் சைக்கிள் வேலை பிறகு வந்தது. கம்பெனியே மூடிப்போன வண்டிகள், நாற்பது ஐம்பது வருஷத்து வண்டிகள். சென்னையிலிருந்து டாக்டர், வக்கீல் என்று வசதியானவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருவார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடையாது, செய்துதான் ஓட்ட வேண்டும். அந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு சட்டம். சாம்பிள் இல்லாமல் லேத்தை ஓட்ட மாட்டேன். உடைந்த சாமான் வேண்டும், அது போய் உட்காரும் இடமும் வேண்டும். ஒரு டாக்டர் அளவை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "சாம்பிள் எங்க சார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு முன்சக்கரத்தையே கழற்றித் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த டாக்டர்தான் ஆரம்பித்து வைத்தவர். "இந்த வண்டிகளைப் பத்தி உங்க தலையில இருக்கிறது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. உங்களுக்கு அப்புறம் யாரைக் கேக்கிறது? இன்டர்நெட்ல போடுங்க" என்றார். எனக்கு இன்டர்நெட் என்றால் என்ன என்று அப்போது தெரியாது. ஆனால் புஸ்தகத்தில் இல்லாதது என் தலையில் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னது நன்றாகப் புரிந்தது.

என் மகள் பேட்டையில் ஓர் ஆலையின் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்காருவாள். போன் ஒயரை அதில் செருகினால் கொர்ரென்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு யாரும் போன் பேச முடியாது. என் மனைவி அதற்கே வாராவாரம் ஒரு பாட்டு பாடுவாள். இரண்டு வருஷம் உட்கார்ந்து இன்டர்நெட்டில் எங்கள் பக்கத்தை உண்டாக்கினோம். ஒவ்வொரு சாமானையும் நீலத் துணியில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போட்டோ எடுத்தோம். கம்பெனி போட்ட பழைய பார்ட்ஸ் புஸ்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று டாக்டர் கொடுத்தார். அதில் ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் உண்டு, படம் உண்டு. அளவு கிடையாது. எந்தக் கம்பெனியாவது தன் அளவை வெளியே சொல்லுமா? அளவை நான் சொன்னேன். அலமாரியில் இருக்கும் சாமானை எடுத்து மைக்ரோமீட்டர் வைத்து நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அளவுகளுக்கு மேலே தலைப்பில் இங்கிலீஷில் 'கம்பெனி அளவு' என்று போட்டிருந்தாள்.

முன் பிரேக் கேமின் முறை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்சக்கரத்தின் டிரம்மை மூடியபடி ஒரு பிளேட் இருக்கும். அதில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் விரல் தடிமனில் ஓர் இரும்புத் தண்டு. பிரேக் பிடித்தால் தண்டு திரும்பி உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்களையும் விரித்துத் தள்ளும். விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்தத் தண்டுதான் கேம்.

என்னிடம் வந்த பிளேட் எல்லாம் நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்தவை. ஓட்டை பெரிதாகியிருக்கும், கேம் கடகடவென்று ஆடும். ஆரம்பத்தில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் தனித்தனியாக அளவெடுத்துக் கடைந்தேன். போகப் போக எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்து வருவதைப் பார்த்தேன். அதனால் பன்னிரண்டு தௌ கூட்டி, பத்துப் பதினைந்து கேம் முன்கூட்டியே கடைந்து டப்பாவில் போட்டுவைத்தேன். தௌ என்பது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. பன்னிரண்டு தௌ கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பிளேட் வந்ததும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, கொஞ்சம் எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் கச்சிதமாக உட்காரும். அந்த டப்பாவிலிருந்துதான் அன்றைக்கு ஒன்றை எடுத்து அளந்தேன்.

மகள் விரலைக் கீபோர்டில் வைத்தபடி நிறுத்தினாள்.

"நைனா, இது கம்பெனி அளவா, உன் அளவா?"

"ரெண்டும் இன்னா வேற வேறயா?"

"இல்ல, கேக்குறேன். மேல கம்பெனி அளவுன்னு போட்டுக்கீறேனே."

"இந்தக் கேம நா எத்தினி கடைஞ்சிருப்பேன் தெரியுமா? ஒண்ணு திரும்பி வந்திச்சா? அப்ப எவன் அளவு கம்பெனி அளவு? போடும்மா, சொம்மா நோண்டிக்கினு."

போட்டாள்.

அந்த நேரத்தில் டப்பாவில் இருப்பது பன்னிரண்டு தௌ கூடுதல் என்பது எனக்கு மறந்துபோயிருந்ததா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. நினைக்கவும் இல்லை. அத்தனை வருஷம் அந்த அளவிலேயே கடைந்து கடைந்து அதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டத்துக்குள் பச்சை நம்பர்கள் இருந்தன. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதை அது காட்டும், வண்டியின் கிலோமீட்டர் போல ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் சாயங்காலம் மகள் ஆலையிலிருந்து வரும் வழியில் நிறுத்தி, "இன்னிக்கு எவ்வளோ?" என்று கேட்பேன். இங்கிலாந்திலிருந்து ஒரு கிழவர் கம்ப்யூட்டரிலேயே கடிதம் போட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் போட்டார். அவற்றைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு டீக்கடையில் போய்ச் சொல்வேன். "அண்ணன் சாம்பிள் இல்லாம டீகூட குடிக்க மாட்டாரு, சீமைக்காரனுக்கு மட்டும் இன்னாமா சும்மா அளவு குடுக்குறாரு" என்று டீக்கடைக்காரன் கிண்டல் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் இருந்த விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் வேலைக்குப் போகிற வழியில் ஷெட்டுக்குள் வந்தாள். அவள் பகலில் ஷெட்டுக்கு வருவதே இல்லை. கையில் ஒரு பேப்பர். "லேத்த நிறுத்து நைனா" என்றாள்.

கடிதம் சீமையிலிருந்து வரவில்லை. கடம்பத்தூரிலிருந்து வந்திருந்தது. எங்கள் ஜில்லாவுக்குள்ளேயே, அரக்கோணம் லைனில் இருக்கிற ஊர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, அடியில் விலாசமும் போட்டிருந்தார். மகள் படித்தாள். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. அப்பா வாங்கி வைத்து, பூட்டவே பூட்டாத புது பிரேக் பிளேட் ஒன்று ஆயில் பேப்பரில் சுற்றியபடி பரணில் கிடைத்ததாம். கேம் மட்டும் இல்லை. திருவள்ளூரில் பிரவுசிங் சென்டருக்குப் போய் என் பக்கத்தைப் பார்த்து, பிரின்ட் எடுத்து, அங்கேயே ஒரு லேத்தில் அந்த அளவுக்குக் கடைந்திருக்கிறார். கேம் உள்ளே போகவில்லை. 'கம்பெனி அளவு என்று நீங்கள் போட்டிருந்ததால் பிளேட்டில்தான் துரு ஏறியிருக்கும் என்று ஓட்டையை எமரி போட்டுத் தேய்த்து ஏற்றினோம்.' ஒரு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு ஒரு நாள் நல்ல வெயிலில் பிரேக் பிடித்தார். பிடித்தது விடவில்லை. சக்கரம் நின்றுவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். 'ஐயா, நீங்கள் அனுபவசாலி. நான் செய்த தப்பு எது என்று சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும்.'

என்னைத் திட்டி எழுதியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் தன் தப்பைக் கேட்டிருந்தார். கேம் டைட்டாக இருந்தால் சூட்டில் விரிந்து ஓட்டைக்குள் இறுகிக்கொள்ளும், திரும்பி வராது. படிக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எழுதிக்கோ. உள்ள போவாத கேம எமரி போட்டு ஏத்துனது தப்பு. தெரிஞ்ச மெக்கானிக் அத்த செய்ய மாட்டான். அவ்ளோதான்."

"இத்த நா அடிக்க மாட்டேன்."

"ஏன்? பொய்யா சொல்றேன்?"

"பொய் இல்ல. நீயே போய்ட்டு வா நைனா. அந்தப் பிளேட்ட பாத்துட்டு அப்பறம் சொல்லு. சாம்பிள் இல்லாம பேச மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறியே."

பேப்பரை லேத் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆயில் பட்டு ஓரம் ஊறியது.

மூன்று நாள் நான் போகவில்லை. ஆலை வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மகள் சாயங்காலம் நிற்காமல் போனாள், நானும் நம்பர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வேலையாக மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தேன், டப்பாவில் இருந்த கேமை எடுத்து அளக்க வேண்டும் போலிருந்தது. அளக்கவில்லை. மைக்ரோமீட்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மறுநாள் காலை அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ரயில்.

பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய். பிளேட்டில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும், வார்ப்பில் ஒரு கோணல், ஒரு வெடிப்பு, எதுவாக இருந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அவர் தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்களாண்ணே" என்றார். கூடத்தில் கட்டிலில் அவர் மனைவி, இடுப்புக்குக் கீழே ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவர்தானா அந்தக் கம்ப்யூட்டர்காரரு?"

"கம்ப்யூட்டர்காரர் இல்லடி. பெரிய லேத்துக்காரர். வெளிநாட்டுக்காரன்லாம் இவரத்தான் கேக்குறான்."

"கேக்கட்டும். என் கால் முட்டிக்கு மேல போனதும் எங்க அண்ணன்மாருங்க இவர ஊட்டு வாசல்லயே நிக்க வெச்சிக் கேட்டாங்க. பழைய சாமான் பைத்தியம் புடிச்சி எங்க பொண்ண சாவடிக்கப் பாத்தியான்னு. அன்னியிலேர்ந்து இவரு சரியா சாப்புடறது இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

கணவர் உள்ளே போய்ப் பிளேட்டையும் கேமையும் எடுத்துவந்தார். பிளேட்டைத் தினமும் துடைத்து வைத்திருந்தது தெரிந்தது. அதை வாங்கியதும் என் வேண்டுதல் முடிந்துபோயிற்று. இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு பிளேட்டை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட ஓடாத பிளேட். எமரி போட்டுத் தேய்த்த பிறகும் ஓட்டையில் கேம் இறுக்கமாக நுழையத்தான் இடம் இருந்தது. கேமை அளந்தேன். திருவள்ளூர் லேத்துக்காரன் யாரோ, நல்ல கைக்காரன். என் பக்கத்தில் போட்ட அளவுக்கு ஒரு தௌ பிசகாமல் கடைந்திருந்தான்.

"துருதானேண்ணே? பிளேட்டுலதான கோளாறு?" என்றார் அவர்.

மனைவி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்? கும்மிடிப்பூண்டிக்கும் தெரியாது. அந்த வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அதைச் சொன்னால் அந்த மனுஷன் சாகும்வரை தன் அப்பா வைத்துவிட்டுப்போன பிளேட்டையும் தன் கையையும் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"பிளேட் சரியா கீது. அளவு தப்பு. அது கம்பெனி அளவு இல்ல. தேஞ்ச பிளேட்டுக்காக நா கூட்டிக் கடையற அளவு. நீ எமரி போட்டதும் தப்புதான். ஆனா அந்தப் பேப்பரு இல்லன்னா நீ போட்டிருக்க மாட்ட."

அவர் என்னைப் பார்க்கவில்லை, பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"அப்ப இன்னாத்துக்குயா கம்பெனி அளவுன்னு போட்டீங்க?"

"போட்டுட்டேன்மா."

"போட்டுட்டேன்னா? கீரக்கட்டு விக்கிறவகூட நேத்து கட்டுன்னா நேத்து கட்டுன்னு சொல்றா."

தலையணைக்குக் கீழேயிருந்து மடித்த பேப்பரை எடுத்தார். திருவள்ளூரில் எடுத்த அந்த பிரின்ட். கிரீஸ் கறை படிந்திருந்தது. மச்சான்களிடம் காட்ட வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அடியில் இருந்த நம்பரை விரலால் தொட்டார்.

"இது இன்னாது?"

"அதுவரைக்கும் எத்தினி பேர் பாத்தாங்கன்றது."

"ஆயிரத்து நூத்தி ஏழு." படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எவ்ளோ?"

எனக்குத் தெரியும். நான்கு நாளுக்கு முன்னால் வரை தினமும் கேட்டவன் ஆயிற்றே. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. பிரின்டை வாங்கி, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார்.

சரியான கேம் ஒன்று கடைந்து தருகிறேன் என்றேன். "இந்த ஊட்டுல அந்த வண்டி பேச்சே வேணாம்" என்றார். அவர் கணவர் ஸ்டேஷன் வரை கூட வந்தார். ரயில் வரும்போது, வீடு அங்கிருந்து தெரியாது, இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, சரியான அளவுதான் எவ்ளோண்ணே?"

"பிளேட்ட எடுத்துக்கினு வா. வாயால சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு அனுப்பினேன். பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றாள். எடுத்தால் பழைய பிரின்டை வைத்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில், நான் தமிழில் சொல்ல அவள் இங்கிலீஷிலும் போட்டாள். முன் பிரேக் கேமுக்கு இந்தப் பக்கத்தில் இருந்த அளவு கம்பெனி அளவு அல்ல, கும்மிடிப்பூண்டி லேத்துக்காரன் ஒருவனின் கை அளவு. இதைப் பார்த்துக் கேம் கடைந்து மாட்டியவர்கள் வண்டியை எடுக்காதீர்கள், எங்களுக்கு எழுதுங்கள். முன்பு கடிதம் போட்ட எல்லோருக்கும் தனித்தனியாகவும் அனுப்பினாள். டாக்டருக்கு நானே போன் செய்தேன். "இதை இவ்வளவு பெருசா போடணுமா? உங்க பேர் கெட்டுடுமே" என்றார். அவர் வண்டியில் இருப்பது தேய்ந்த பிளேட், அவருக்குப் பயமில்லை.

பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சாமானிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். நானூற்றுச் சொச்சம் சாமான். அவள் ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டாள், குரலைக்கூட மாற்றாமல்.

"இது கம்பெனி அளவா, உன் அளவா?"

சிலதுக்குக் கம்பெனி அளவு என்று துணிந்து சொல்ல முடிந்தது, புது சாமானைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சிலது என் அளவு. பெரும்பாலானது இரண்டிலும் சேரவில்லை. கியர் ஷாஃப்ட்டின் புஷ், கிக்கர் பின், செயின் பக்கத்து ஸ்பேசர். வருஷக்கணக்காகக் கடைந்து கொடுத்தவை. கம்பெனியிலிருந்து வந்த அன்று அவை எப்படி இருந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் வந்ததெல்லாம் தேய்ந்ததுதானே.

"தெரியாது" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அப்படியே அடித்தாள். அன்றைக்கு மட்டும் முப்பத்தொரு தடவை அதையே அடித்தாள்.

கேம் கடைந்ததாகப் பதினொரு பேர் எழுதினார்கள். அதில் இருவருக்கு டைட்டாக இருந்து, சந்தேகப்பட்டு மாட்டாமல் வைத்திருந்தார்களாம். இங்கிலாந்துக் கிழவருக்கு இரண்டு தடவை எழுதியும் பதில் வரவில்லை. வயதானவர், வேறு காரணம் இருக்கலாம் என்கிறாள் மகள். "அடியில ஓடுற நம்பருல பாதி, நீ கேட்டுக் கேட்டு நா தொறந்து பாத்தது நைனா" என்றும் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். மீதிப் பாதி இருக்கிறதே. கடம்பத்தூர்க்காரர் பிளேட்டை எடுத்துக்கொண்டு இன்னும் வரவில்லை.

இப்போதும் சொல்கிறேன், பிளேட்டைக் கையில் கொடுத்தால் என்னைப் போல கேம் கடைகிறவன் இந்த லைனில் இல்லை. அந்தக் கறுப்புக் கட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். நம்பர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. சாயங்காலம் அவள் தெருமுனையில் வருவது தெரிந்தால் நான் லேத்தை ஓட்டுவதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.